மீன்தொட்டியை இடம் மாற்றினோம்

பிற்பகல் மூன்று இருபத்தைந்துக்கு எங்கள் ஹோலில் பலகை பிளப்பது போல ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். சோக்கேஸின் மேல் வைத்த மீன்தொட்டி முன்பக்கம் சாய்ந்திருந்தது. அதற்கு நேர் கீழே, சோக்கேஸ் கதவில் முதுகு வைத்து, என் ஆறு வயது மகள் படத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

குற்றவாளிகள் நானும் என் கணவரும். நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்று வருடா வருடம் சொல்லி, மறந்த பிள்ளைகளை முறைத்தும் இருக்கிறேன். எங்கள் தொட்டி நூற்றைம்பது லீட்டர். அதாவது மூன்று மூடை அரிசி. மூன்று மூடை அரிசியை ஒருவர் சோக்கேஸின் மேல் ஏற்றினால் அவருக்குப் பைத்தியம் என்றிருப்பேன். தங்கமீன் என்றதும் அந்தக் கணக்கு ஓடவில்லை. மரத்தூளை அழுத்திச் செய்த அந்தச் சோக்கேஸ் என் கலியாணத்தோடு வந்தது. அது அதுவரை சுமந்தது, யாரும் தேநீர் குடித்திராத இரண்டு கோப்பை செட்டுகளை மட்டும்தான்.

ஒரு மாதம் மேற்குச் சுவரோரம் அசையாமல்தான் நின்றது. பிறகு என் வாப்பா வந்து ஹோலில் தொழுதார். தொழுது முடித்து ஸலாம் கொடுத்துத் திரும்பியவர் முகம் சரியில்லை. “மகள், நான் சுஜூதுக்குப் போகக்குள்ள, தனக்குத்தான் எண்டு நினைச்சிருக்கும் இந்த மீன்,” என்றார். நெற்றியைத் தரையிலிருந்து எடுத்து நிமிரும்போதெல்லாம் அது வாயைத் திறந்து திறந்து அவரையே பார்த்ததாம். எத்தனை ரக்அத் தொழுதார் என்பதே மறந்துபோனதாம். தொழும்போது முகம் பார்க்கும் கிப்லாப் பக்கம் மீன் சரிவராது என்று மறுநாளே எதிர்ச்சுவருக்கு மாற்றினோம்.

முழுத் தண்ணீரையும் இறைக்கச் சோம்பல். நாலு வாளி எடுத்துவிட்டு, மீதியோடு சோக்கேஸை இருவருமாகத் தள்ளினோம். எங்கள் ஊர் ஹோல்களில் கழுவின தண்ணீர் ஓடுவதற்காகத் தரை வாசலை நோக்கிச் சரிந்திருக்கும். புதிய இடத்தில் அந்தச் சரிவு முன்பக்கமாக விழுந்தது. பழைய பாடக் கொப்பி மட்டைகளை மடித்து முன்கால்களுக்குக் கீழே செருகிவிட்டு, தொட்டியைத் திரும்ப நிரப்பினோம். பார்வைக்கு மட்டமாகவே இருந்தது. கணவர், பெரிய வேலை முடித்தவரின் நடையோடு, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனார். சிந்திய தண்ணீரில் மட்டை ஊறியது. தள்ளும்போதே பிளந்திருந்த முன்கால் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

அந்தச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியைத் தாங்கினேன். மகளை எழும்பி அங்கால போகச் சொன்னேன். மீன் தனியாகப் பயப்படுமாம், போகமாட்டாளாம். கத்தினால் அழுதுகொண்டு என் காலைத்தான் கட்டிப்பிடிப்பாள். ஆகவே, அவளுக்கு நான் தொடவே கொடுக்காத போனை வாசலடிக் கதிரையிலிருந்து எடுக்கலாம் என்றேன். வசனம் முடியுமுன் வாசலில் நின்றாள்.

இன்று அந்தத் தொட்டி, அதன் அளவுக்கே செய்த இரும்புச் சட்டத்தில், மெத்தென்ற வெள்ளை ரெஜிபோம் தட்டுக்கு மேல், மேசனின் நீர்மட்டம் வைத்துப் பார்த்து நிறுத்தப்பட்டிருக்கிறது. இருந்தும் மகள் கிட்டப் போனால் என் கை தானாக நீள்கிறது.

அன்று, வாசலில் நின்றவளிடம் முன்வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொன்னேன். கார்ட்டூன் முடியட்டுமா என்று கேட்டாள். பிறகு கேற்றடியில் அவள் குரல் கேட்டது: “உம்மா மீன்தொட்டியக் கட்டிப் புடிச்சிட்டு நிக்கிறா. உடுறா இல்ல.”

அது உண்மைதான். மேலால் வழிந்த தண்ணீர் சட்டைக் கைக்குள் இறங்கியது, நான் விடவில்லை. விட்டால் பிள்ளைக்கு மேல் விழும் என்பதைத் தவிர வேறெதுவும் தலைக்குள் இல்லை.

முன்வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். தொட்டியைத் தொடவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“உடுங்க டீச்சர். புள்ள வெளிய நிக்கிறா, நான் பாத்திட்டுத்தான் வாறன். உடைஞ்சா உடையட்டும். மீன் வேணுமெண்டா நாளைக்கி நான் தாறன்.”