மார்கழியில் குடிபோகாத வீடு

மொன்றியலில் இருந்து ரொறன்ரோவுக்குக் குடிபெயர்ந்த வருடத்தில், அதற்கு முந்தின வருடத்துக்கான வரிப் படிவங்களை நிரப்ப, மில்லிக்கனில் ஒரு கணக்காளரிடம் போனேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சித்திரை பிறந்தும் குளிர் விட்டபாடில்லை. என் தாள்களோடு இறந்துபோன கணவரின் தாள்களும் பையில் இருந்தன. செத்தவருக்கும் படிவம் நிரப்ப வேண்டும் என்பதே எனக்குப் புதினமாக இருந்தது.

முந்தின மார்கழியில்தான் அவருக்கு ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வேலை கிடைத்தது. அங்கே வீடும் எடுத்துவிட்டார்.

"எல்லாருமாப் போவம்" என்றார்.

"மார்கழியில ஆரும் புதுவீட்டில பால் காய்ச்சுவினமோ? தை பிறக்கட்டும், வாறம்" என்று ஒற்றைக்காலில் நின்றேன். சாத்திரம் பார்க்காத மனிதர். ஆனாலும் என்னோடு மல்லுக்கட்டி வென்றதில்லை. ஒரு மெத்தையோடு தனியே போனார். நத்தார்ப் பண்டிகை முடிந்து மூன்றாம் நாள், டிசம்பர் இருபத்தெட்டில், அந்த வெறும் வீட்டில் மாரடைப்பால் இறந்தார். வேலைக்கு வரவில்லையே என்று கூட வேலைசெய்தவர் தேடிப் போன பிறகுதான் தெரியவந்தது. மாசியில் நானும் பிள்ளைகளும் அதே வீட்டுக்கு வந்தோம். பால் காய்ச்சவில்லை.

கணக்காளர் நாற்பது வயதைத் தாண்டியவர். முதலில் என் படிவத்தை எடுத்தார்.

"டிசம்பர் முப்பத்தொண்டில எங்க இருந்தனீங்கள், தங்கச்சி?"

"மொன்றியல்ல, அண்ணை."

"அப்ப நீங்கள் கியூபெக் மாகாணம்."

பிறகு என் கணவருடையதை எடுத்தார். சாகும்போது எந்த மாகாணத்தவர் என்று எழுத வேண்டுமாம்.

"ஒன்ராறியோ எண்டு போடுங்கோ. இஞ்ச தனியத்தான் இருந்தவர்" என்றேன். என் மேலேயே எனக்கிருந்த கோபம் குரலில் வந்துவிட்டது.

கணக்காளர் எழுதவில்லை. "அந்த நேரம் மொன்றியல் வீட்டை விட்டிட்டீங்களோ?"

"இல்லை. நானும் பிள்ளையளும் அங்கதான் இருந்தனாங்கள்."

"அப்ப அவரும் கியூபெக்தான். வேலை இஞ்ச எண்டாலும், பெண்சாதி பிள்ளையள் இருக்கிற வீடுதான் அவற்ற வீடு. சட்டம் அப்பிடித்தான்."

செத்தவீட்டில் எல்லாரும் விதி என்றார்கள். அவர்கள் சொன்ன எதுவும் என் நெஞ்சில் ஏறவில்லை. இது ஏறியது. அவர் வீடில்லாதவராகச் சாகவில்லை என்று ஒரு கணம் ஆறுதலாகக்கூட இருந்தது. கணக்காளர் கியூபெக் என்று எழுதி, நான் கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தைக் காட்டினார். பேனையைப் பிடித்தபோதுதான் அவர் சொன்னது முழுதாக விளங்கிற்று. என் கணவருடைய வீடு நாங்கள்தான். வா என்று அவர் கூப்பிட்டார், நான் போகவில்லை.