தாய்மாமன் மடி

குடியை விடுவதற்கான கூட்டம் ஒன்று இருப்பது எனக்கு ஒரு மூத்திரச் சுவரில்தான் தெரிந்தது. புதுக்கோட்டையில் ஒரு பாரின் பின்புறம், மூலத்துக்கு ஒரு நோட்டீஸ், ஆண்மைக் குறைவுக்கு ஒரு நோட்டீஸ், நடுவில் 'குடியை நிறுத்த வேண்டுமா?' என்று ஒன்று. பாதி எழுத்தை எவனோ நனைத்து அழித்திருந்தான். அந்த எவனோ நானாகவும் இருக்கலாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு போன் நம்பரைக் குறித்துக்கொண்டேன்.

நிறுத்தியே ஆக வேண்டும் என்ற நிலைக்குக் கொண்டுவந்தவள் என் தங்கை. அவளுடைய மூத்த மகளுக்கு ஒரு வயதில் காது குத்தியபோது, வழக்கப்படி தாய்மாமன் நான்தான் மடியில் வைத்திருந்தேன். காலையிலேயே ஊற்றிக்கொண்டு போயிருந்தேன். ஆசாரி ஊசியை எடுத்தார், குழந்தை வீறிட்டது, நான் அதன் மொட்டைத் தலையிலேயே வாந்தி எடுத்தேன். சந்தனம் பூசிய தலை. போண்டாவும் பிராந்தியும் சேர்ந்து அதன் கழுத்தில் வழிந்தன. அதற்கப்புறமும் நான் பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு தின்றேன். எல்லாவற்றையும்விட அதுதான் கேவலம்.

ஐந்து வருஷம் கழித்து அவள் மகனுக்குக் காதுகுத்து வந்தது. பத்து வாரம் முன்னாலேயே போன் செய்துவிட்டாள்.

"அண்ணே, வாடையோட வந்தீன்னா அப்புடியே திரும்பிப் போயிரு. நம்ம சித்தப்பா மகன் மடியில வச்சுக் குத்திக்கிறோம்."

"இந்தத் தடவை தொட மாட்டேன் ஆத்தா."

"குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு," என்று வைத்துவிட்டாள்.

கூடப்பிறந்தவன் உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தன் மடியில் குழந்தையை வைத்தால், ஊருக்குள் நான் செத்தவனுக்குச் சமம்.

கூட்டம் புதுக்கோட்டையில் என்றால் போயிருக்க மாட்டேன். ஆலங்குடியில் தேங்காய் யாவாரம் செய்கிறவனுக்கு அங்கே திரும்பின பக்கமெல்லாம் தெரிந்த முகம். நல்லவேளை, கீரனூரில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஒரு டியூஷன் சென்டர். சிறுபிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க எட்டு ஆம்பளைகள் குந்தியிருந்தார்கள். சுவரில் பதினாறாம் வாய்ப்பாடு. ஒருத்தர் அழுதுகொண்டே கையால் மூக்கைத் துடைத்தார், அந்தக் கையாலேயே எனக்கு டீ எடுத்துக் கொடுத்தார். சீ என்று வந்தது. குடிக்காமல் பெஞ்சுக்கு அடியில் வைத்தேன். கண்டவன் எச்சில் கிளாஸில் எல்லாம் குடித்தவன், அன்றைக்குச் சுத்தம் பார்த்தேன்.

கூட்டத்தை நடத்தியவர் உள்ளூரில் தையல்கடை வைத்திருப்பவர். என் முறை வந்ததும் வலது கையை நீட்டி, "கட்டுங்க," என்றேன்.

"என்னத்தண்ணே கட்ட?"

"கயிறுதான். மூணு மாசத்துக்கா, ஆறு மாசத்துக்கா?"

எட்டுப் பேரும் சிரித்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் குடியை விட வேண்டும் என்றால் கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் கயிறு கட்டிக்கொள்வது வழக்கம். இத்தனை மாதம் என்று கெடு சொல்லிக் கட்ட வேண்டும், அதற்குள் தொட்டால் சாமி கேட்கும். நான் நாலு கயிறு பார்த்தவன். மூன்றாவதின் கெடு முடிவதற்கு முதல்நாளே பாட்டிலை வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். நாலாவதை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டுக் குடித்தேன், மறுநாள் குளித்துவிட்டுத் திரும்பக் கட்டிக்கொண்டேன். சாமியையே ஏய்த்த பயல்.

அதைச் சொன்னதும் தையல்காரர், "நான் ஏழு கயிறுண்ணே," என்றார். "இங்கிட்டு கயிறும் கெடையாது, கெடுவும் கெடையாது. இன்னைக்குப் பொழுதுக்கும் குடிக்காம இருங்க. நாளைக்குக் காலையில போன் பண்ணுங்க."

"அவ்வளவுதானா?"

"அதுவே நமக்கு முடியலையேண்ணே."

எனக்கு எரிச்சலாக இருந்தது. இவர்கள் முகம் சுளிக்கட்டும் என்றே அந்த வாந்திக் கதையையும் எடுத்துவிட்டேன். ஒருத்தரும் சுளிக்கவில்லை. டீ கொடுத்தவர் மட்டும், "பிள்ளைக்குக் கண்ணுல கிண்ணுல படலையே?" என்று கேட்டார். ஐந்து வருஷத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வி. என் மூஞ்சியிலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

மறுநாள் காலையில் போன் செய்தேன். அதற்கடுத்த நாளும் செய்தேன். வீட்டில் லோடு பார்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு ஒவ்வொரு ஞாயிறும் கீரனூர் போய்வந்தேன். நாலாவது வாரம் அந்த ஆள் கொடுத்த டீயைக் குடித்தேன். கை நடுக்கம் நின்றது. அந்த மனிதர்களின் அழுகையும் சளியும் எனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை, ஆனால் போனேன்.

காதுகுத்து அன்று கோயில் வாசலிலேயே தங்கை மறித்தாள். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஊது," என்றாள்.

ஊதினேன். இன்னொரு முறை ஊதச் சொன்னாள். பிறகு உள்ளே கூட்டிப்போய், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பையனை என் மடியில் வைத்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்போது மூத்தவள் வந்தாள். ஆறு வயசு. யார் சொல்லித் தெரிந்துகொண்டாளோ, கையில் ஒரு கேரி பேக். அதன் வாயை விரித்து என் மோவாய்க்குக் கீழே பிடித்தாள்.

"மாமா, வாந்தி வந்தா இதுல எடுங்க. தம்பி தலையில வேணாம்."

ஆசாரி ஊசியை எடுத்தார். ஒரு கையால் பையனை அணைத்துக்கொண்டு, மறு கையால் அந்தப் பையை வாங்கிக்கொண்டேன். தேவையில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.