மகளின் பதிலுக்கு நான் பூசிய மெருகு

ரிஸ்னா ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் நான்கு விதமாக எழுதியிருந்தாள். அப்போது அவள் பள்ளியில் நான்காம் ஆண்டு. கொப்பியைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பயம் பிறகு வந்தது.

"சோம்பல்" என்றார் வகுப்பாசிரியர். வைத்திய அறிக்கை கொண்டுவந்தால் பரீட்சையில் மேலதிக நேரம் தரலாம் என்றார் அதிபர். அதற்காகக் கற்பிட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

இதே வழியில் வரும் தாய்மாருக்குச் சொல்கிறேன். அங்கே ஊசி இல்லை, இரத்தம் எடுக்கமாட்டார்கள். நரம்பியல் உளவியல் மதிப்பீடு (பிள்ளை எப்படிக் கவனிக்கிறது, நினைவில் வைக்கிறது, வாசிக்கிறது என்று சிறு வேலைகள் கொடுத்துப் பார்ப்பது) அரை நாள் எடுக்கும். பிள்ளை நன்றாகத் தூங்கி, வயிறாரச் சாப்பிட்டிருக்க வேண்டும். பள்ளிக் கொப்பிகளைக் கொண்டுபோங்கள். எப்போது நடந்தாள், எப்போது பேசினாள் என்றெல்லாம் கேட்பார்கள்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அன்று டொக்டரின் அறைக்கு வெளியே நீள மரவாங்கில் உட்கார்ந்திருந்தபோது ஒன்றும் தெரியாது.

டொக்டருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பவர் அன்று லீவு. இன்னொரு நாள் என்றால் மூன்று மாதமாகும். "எனக்குச் சிங்களம் நல்லா வரும்" என்று முந்திக்கொண்டேன். பொய்யில்லை. என் கணவர் மீன் வியாபாரி. சிலாபத்திலிருந்து வரும் முதலாளிமாருக்கு அவர் பேச்சைச் சிங்களத்தில் சொல்வது நான்தான். அவர் "கள்ளன்" என்று கத்தினால், "கொஞ்சம் யோசித்துச் சொல்லட்டாம்" என்பேன். வியாபாரம் சிரிப்பில் முடியும்.

"பிள்ளை சொல்வதை அப்படியே சொல்லுங்கள், திருத்த வேண்டாம்" என்றார் டொக்டர். தலையாட்டினேன்.

மீனுக்கும் காகத்துக்கும் என்ன ஒற்றுமை என்று கேட்டார். ரிஸ்னா யன்னலைப் பார்த்து யோசித்தாள்.

"காகம் மீனத் தூக்கிட்டுப் போகும்."

நான் சிங்களத்தில், "இரண்டுக்கும் உயிர் இருக்கிறது" என்றேன். ஐந்து இலக்கங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். அவள் இரண்டை விட்டாள், நான் சேர்த்துக்கொண்டேன். என் பிள்ளையை மூளை இல்லாதவள் என்று எழுதிவிடுவார்களோ என்ற பயத்தில் வாய் தானாக ஓடியது.

ரிஸ்னா பென்சிலைக் கீழே வைத்தாள். கேட்டுப் பழகிய சிங்களம் அவளுக்கும் கொஞ்சம் விளங்கும்.

"உம்மா, நான் அப்டிச் சொல்லல்லயே."

"என்ன சொல்கிறாள்?" என்று டொக்டர் என்னிடம் கேட்டார்.

தண்ணீர் கேட்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். ரிஸ்னா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

டொக்டர் ஏசவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டார். "நீங்கள் சொன்னதை எழுதினால் இவளுக்கு ஒரு சிரமமும் இல்லை என்று அறிக்கை போகும். பிறகு எல்லாரும் சோம்பேறி என்றே ஏசுவார்கள்" என்றார். கேட்ட கேள்விகளை உடனே திரும்பக் கேட்டால் முடிவு சரிவராதாம். மூன்று மாதம் காத்திருந்தோம். அந்த மூன்று மாத ஏச்சையும் அவள் என்னால்தான் வாங்கினாள்.

இரண்டாம் முறை மொழிபெயர்ப்பவர் உள்ளே இருந்தார், நான் வெளியே வாங்கில் இருந்தேன். அறிக்கையில் வாசிப்புக் கோளாறு (எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் வரும் சிரமம், அறிவுக் குறைவல்ல) என்றும், கவனக் குறைபாடு என்றும் இருந்தது.

"இது சுகமாகுமா டொக்டர்?"

"காய்ச்சல்போல் விட்டுப்போகாது. அவளுக்கு ஏற்ற வழியில் படிக்கப் பழகலாம். நேரம் கொடுங்கள்."

பள்ளிக்கூடமும் மேலதிக நேரம் கொடுத்தது. எனக்குத்தான் கொடுக்கத் தெரியவில்லை. அவள் வாசிக்கையில் தடுக்கினால் என் நாக்கு எழும்பிவிடும். பல்லால் பிடித்துக்கொள்வேன். ஒரு நிமிடம் இவ்வளவு நீளம் என்று முன்பு எனக்குத் தெரியாது.

நேற்றும் ஒரு சொல்லில் நின்றாள். அடுப்பில் சோறு வடிக்கக் கிடந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"பொறுங்க உம்மா, வருது."

சோறு குழைந்துபோனது. சொல் வந்தது.