வெர்லின் ஏன் கையைத் தூக்கினார்

என் வீட்டுக்காரர் வெர்லின் டோலஃப்சனைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், "மோசமில்லாத மனுஷன்" என்பார்கள். மின்னசோட்டாவில் அதற்கு மேல் நாங்கள் யாரையும் புகழ்வதில்லை. தானியக் கிடங்கில், இரைகிற உலர்த்தும் இயந்திரத்தின் பக்கத்திலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். ஓய்வு பெற்றபின் வீட்டில் உட்கார்ந்து, நான் பாத்திரம் அடுக்குவதில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். எங்கேயாவது போய்த் தொலை என்று பள்ளிக்கூடத் துப்பாக்கி அணிக்குப் பாதுகாப்பு மேற்பார்வையாளராக அனுப்பி வைத்தவளே நான்தான். போதாக்குறைக்கு நானும் புள்ளி குறிப்பவளாகப் பின்னாலேயே போய் மாட்டிக்கொண்டேன்.

ஐந்து பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். ஒருவர் குரல் கொடுத்ததும் எதிரே இருக்கும் பதுங்கு அறையிலிருந்து ஆரஞ்சு நிற மண்தட்டு ஒன்று பறக்கும். அதைச் சுட்டு உடைக்க வேண்டும். பிறகு அடுத்தவர் முறை. துப்பாக்கி நடுவில் மடிந்து திறந்தே இருக்கிறதா, குழாய் வயலைப் பார்க்கிறதா, முறை வருமுன் எவராவது தோட்டா போடுகிறாரா என்று வெர்லின் பின்னாலிருந்து பார்ப்பார். மூடிய துப்பாக்கியோடு சிநேகிதனைப் பார்த்துத் திரும்பிச் சிரித்த போதகர் மகனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார். அதில் எனக்கு அவர்மேல் கர்வம்தான்.

ஆனால் காதுக்கும் ஒரு வேலை உண்டு. தோட்டாவில் மருந்து சரியில்லையென்றால் வெடி 'டமார்' என்று கேட்காமல் அமுங்கிக் கேட்கும். அப்போது உள்ளேயிருக்கும் பிளாஸ்டிக் அடைப்பு குழாயிலேயே சிக்கி நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் பிளந்து சுடுகிற பிள்ளையின் விரல்கள் போய்விடும். அதனால் சத்தத்தில் சந்தேகம் வந்தால் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்திவிட வேண்டும்.

இந்த வருஷம் வெர்லின் தூக்கிக்கொண்டே இருந்தார். நிறுத்துவார்கள், குழாயைப் பார்ப்பார்கள், சுத்தமாக இருக்கும். மறுவாரமும் அதே கதை. ஏப்ரல் குளிரில் பிள்ளைகள் நடுங்கிக்கொண்டு நிற்பார்கள். எனக்கோ ஒன்றும் புரியவில்லை. வெடிச்சத்தம் நன்றாகத்தானே இருந்தது? ஏன் நிறுத்தினாய் என்று வீட்டில் கேட்டால், சந்தேகமாக இருந்தது என்று சொல்லிவிட்டு சூப்புக் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே திட்டமாட்டார்கள். ஒரு தாய், "ம், இது கொஞ்சம் வித்தியாசமாத்தான் இருக்கு" என்றாள். அது காறித் துப்பியதற்குச் சமம். பயிற்சியாளர் டாரின் என்னைத் தனியே கூப்பிட்டு, அடுத்த வருஷம் வெர்லின் ஓய்வெடுக்க விரும்பலாமே என்று இழுத்தான். அந்த மனுஷனுக்குக் காலையில் எழுந்திருக்க அது ஒன்றுதான் காரணமாக இருந்தது.

அதற்கப்புறம் வந்த பயிற்சியில் பிரிட்டா லிண்ட்குவிஸ்ட் என்ற பெண் ஒரு தட்டுக்கூடத் தவறாமல் உடைத்துக்கொண்டே வந்தாள். திடீரென்று ஒன்று முழுசாகப் பறந்து புல்லில் விழுந்தது. வெர்லின் கையைத் தூக்கினார். "மறுபடியுமா?" என்று அவளுடைய அப்பா வாய்விட்டே முனகினார். டாரின் பாதிச் சிரிப்போடு வந்து குழாய்க்குள் பார்த்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது. கம்பியை விட்டுத் தள்ளியதும் பிளாஸ்டிக் துண்டு ஒன்று கீழே விழுந்தது. பிரிட்டா சுட்ட சத்தம் கொஞ்சம் அமுங்கித்தான் எனக்கும் கேட்டது. காற்று என்று நினைத்துவிட்டேன்.

பிரிட்டாவின் அப்பா வெர்லினின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, உங்கள் காதால்தான் என் பெண்ணின் விரல்கள் தப்பின என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த வருஷமும் நீங்கள்தான் என்றான் டாரின்.

வண்டியில் ஏறியதும் நான் குதித்துக்கொண்டிருந்தேன். எனக்கே சரியாகப் பிடிபடாதது உனக்கு எப்படிக் கேட்டது என்றேன். அவர் சாவியைத் திருகவில்லை.

"கேக்கல, மார்லிஸ். அவ சுட்டாளா இல்லையான்னே தெரியல. தட்டு முழுசாப் போச்சு, அதான் கையத் தூக்கிட்டேன். எல்லாத் தடவையும் அப்படித்தான்."

இவர் செய்தது சரியா தப்பா? சந்தேகம் வந்தால் நிறுத்து என்பதுதானே விதி? நிறுத்தினார், பிள்ளை பிழைத்தாள். அப்புறம் ஏன் எனக்கு நிம்மதி வரவில்லை?

"அப்ப சரிதானே. அதானே ரூல்?" என்றேன்.

"தட்டு உடைஞ்சும் சத்தம் அமுங்கியிருந்தா எனக்குச் சந்தேகமே வராதே, அத என்ன பண்றது?"

இறங்கி டாரினிடம் போனார். நானும் ஓடினேன். "எனக்குக் காது கேக்கல, வேற ஆளப் பாருங்க" என்றார் வெர்லின். டாரின் சிரித்தான். பிரிட்டாவின் அப்பாவும் சிரித்து அவர் முதுகில் தட்டினார். எங்கள் ஊரில் புகழ்ந்தால் மறுக்க வேண்டும். நல்ல கேக் செய்தவளும் கருகிவிட்டது என்றுதான் சொல்வாள். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். வெர்லின் மறுபடி சொன்னார். இன்னும் சிரித்தார்கள். அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

தேவாலயத்தில் போதகர் சொன்னதை அவர் காதோரம் திருப்பிச் சொல்கிறவள் நான். உணவகத்தில் பணிப்பெண் கேட்கும் முன்பே அவருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறவள் நான். அவருக்குக் கேட்பதில்லை என்பது ஊருக்கும், ஒரு வகையில் எனக்கும், தெரியாமல் இருந்ததே என் வாயால்தான். இப்போதும் சும்மா இருந்தால் போதும், வேலை அவருக்கே.

"அவர் அடக்கமாப் பேசல, டாரின். அவருக்குக் காது கேக்காது. ரொம்ப வருஷமாவே கேக்காது."

சிரிப்பு நின்றது. யாரும் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாதென்று கத்தித்தான் சொன்னேன். அதனால் அது வெர்லினுக்கும் கேட்டுவிட்டது.