ஆன்ட்டி, தூக்காதீங்க

பிசியோதெரபி உதவியாளர் படிப்புக்காக ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. அதுவரை கையுறைத் தொழிற்சாலையில் வேலை. நீண்ட நேரம் நிற்க முடியுமா, கனமான ஆளைத் தாங்கிப் பிடிக்க முடியுமா, எச்சில், சிறுநீர் வாடையெல்லாம் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் முடியும் என்றேன். கடைசியாக, "பொறுமை இருக்கா?" என்றார்கள். மூன்று பிள்ளை பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா இது! "நிறைய இருக்கு" என்றேன்.

அந்தப் பொறுமையை முதலில் பதம் பார்த்தவர்கள் என் சொந்தக்காரர்கள். கல்யாண விருந்தில் ஒரு பெரியம்மா, "உருவி விடுற படிப்புதானே?" என்று கேட்டபடி, சாப்பிட்ட கைகூடக் கழுவாமல் தன் காலைத் தூக்கி என் மடியில் வைத்தார். அதையும் தாங்கினேன்.

பயிற்சிக்காக ஒரு மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பக்கத்து ஊரான செமோரிலிருந்து ஒரு அங்கிள் வருவார். தோட்டத்தில் லோரி ஓட்டியவர். வாதம் வந்து இடப்பக்கம் இழுத்துவிட்டது. நாற்காலியிலிருந்து தானாக எழுந்து நிற்கப் பழக்குவதுதான் என் வேலை. அவர் வலது கையை ஊன்றி, முன்னால் சாய்ந்து, மூச்சைப் பிடிப்பார். பாதி எழுவதற்குள் அவர் மனைவி பின்னாலிருந்து பாய்ந்து வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிடுவார்.

"ஆன்ட்டி, தூக்காதீங்க. அவரே எழும்பணும்."

"பாவம் லா மிஸ்ஸி. கஷ்டப்படுறாரு பாருங்க."

நான் நர்ஸ் இல்லை, மிஸ்ஸி என்று கூப்பிடாதீர்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை. அங்கிள் குவளையை எடுக்க நினைப்பதற்குள் தண்ணீர் அவர் வாயில் இருக்கும். அவரும் சுகமாக வாயைத் திறப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் ஆன்ட்டி அவருடைய விளங்காத கையையே பிடித்து இழுத்தார். அப்படி இழுத்தால் தோள்மூட்டு கழன்றுவிடும். "கையை விடுங்க!" என்று கத்திவிட்டேன். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆன்ட்டி கையை விட்டுவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

என் மேற்பார்வையாளர் ஒரு மலாய்ப் பெண், என்னைவிட இளையவர். வெளியே அழைத்துப் போய், "நீ சொன்னது சரி. சொன்ன விதம் சரியில்லை. அந்த அம்மாவும் உன் நோயாளி மாதிரிதான்" என்று மலாயில் சொன்னார். சரி என்று தலையை ஆட்டினேனே தவிர, உள்ளே கொதித்தது.

அடுத்த முறை அங்கிளை மகன் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். அங்கிள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். "அவ வந்தாதான் செய்வேன். வீட்ல அழுதுகிட்டு இருக்கா." அவரிடம் கெஞ்சினேன், அதட்டினேன். அசையவில்லை. வேறு வழியில்லாமல் ஆன்ட்டிக்குப் போன் போட்டு, "நான் கத்தினது தப்பு ஆன்ட்டி, வாங்க" என்றேன். ஆன்ட்டி சொன்னார்: "வாதம் வந்த அன்னிக்கு நான் துணி காயப் போடப் போனேன் மிஸ்ஸி. அந்த நேரம் பாத்ரூம்ல விழுந்துட்டாரு. கூப்பிட்டிருக்காரு, எனக்குக் கேக்கல. அதுலேருந்து கையை எடுக்கவே பயமா இருக்கு."

இதைப் பற்றி நான் அவரிடம் ஒரு நாளும் விசாரித்ததில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது, இந்த முறை என் மேலேயே.

ஆன்ட்டி வந்ததும், நோயாளியைத் தாங்கிப் பிடிக்கும் அகலமான பெல்ட்டை அங்கிளின் இடுப்பில் கட்டி, பிடியை ஆன்ட்டியின் கையில் கொடுத்தேன். "இதை மட்டும் பிடிங்க. இழுக்கக்கூடாது. அவர் சாய்ஞ்சா மட்டும் தாங்குங்க. நான் பக்கத்துல இருக்கேன்." அவர் அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அங்கிள் ஊன்றினார், சாய்ந்தார், முனகினார். ஆன்ட்டி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். அங்கிள் எழுந்து நின்றுவிட்டார். நின்றவுடன் முதல் வார்த்தை: "மெதுவா பிடி லா! நான் என்ன ஆடா?"

ஆன்ட்டி சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை. நான் மட்டும் உட்கார இடம் தேடினேன்.

என் பயிற்சி முடிகிற வாரம் அங்கிள் கைத்தடியோடு லிஃப்ட் வரை நடந்தார். லிஃப்ட் பொத்தானை இடக்கையால்தான் அழுத்துவேன் என்று அடம். விரல் மேலே போகும், நழுவும், மறுபடி போகும். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் உச்சுக்கொட்டினார். "நான் அமுக்கட்டுமா?" என்று ஆன்ட்டி முணுமுணுத்தார். "சும்மா இரு!" என்று அங்கிள் சீறினார். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சுக்குங்க, கொஞ்சம் பொறுங்க" என்று பின்னால் நின்றவர்களிடம் சொல்லிவிட்டு, நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.