ஹேமாம்புஜம் அம்மாவின் இன்றைய சிப்பி

நம் வியாபாரிகள் சங்கத்து ஆண்டு மலருக்கு "நான் அறிந்த ஒருவர்" என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஆட்கள் அப்பாவைப் பற்றி எழுதுவார்கள், இல்லையென்றால் முதலாளியைப் பற்றி. எனக்கு அப்பா முகம் நினைவில்லை. முதலாளியோ நானேதான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பதினொரு வயதில் இந்த ஊரில் வந்து இறங்கிய ஆறுமுகநயினாரை இன்று துறைமுகத்தில் தெரியாதவர் யார்? கயிறு, மிதவை, பெயின்ட், சங்கிலி என்று கப்பலுக்கு எது வேண்டுமானாலும் முதல் போன் என் கடைக்குத்தான். கடைக்கு ஏழு பெயர்ப் பலகை வைத்திருக்கிறேன். கடலில் படகில் இருந்து பார்த்தாலும் ஒன்று கண்ணில் படும். பெருமைக்குத்தான் சொல்கிறேன். உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

ஆனால் எழுத உட்கார்ந்தது என் மாடியில் குடியிருக்கும் ஹேமாம்புஜம் அம்மாவைப் பற்றி.

மில்லர்புரத்தில் நான் வீடு கட்டி மாடியை எடுத்ததும் வந்தவர்கள் அவரும் அவர் வீட்டுக்காரர் ஜகந்நாதனும். பிறந்த ஊர் ஆழ்வார்திருநகரி. அப்பா பெருமாள் கோயில் மடப்பள்ளியில் சமையல். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் பார்த்த வேலை என்ன தெரியுமா? மீன் ஆராய்ச்சிக் கூடத்தில் முத்துச்சிப்பிக் குஞ்சு எண்ணுகிற வேலை. தொட்டித் தண்ணீரில் கடுகு அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் குஞ்சுகளைக் காலை ஏழு மணிக்குப் போய் எண்ணி எழுத வேண்டும். முப்பத்தொரு வருடம் அதைச் செய்தார். சாயங்காலம் வந்தால் சிப்பி வாடையோடு வீட்டுக்குள் போகக் கூடாது என்று பின்பக்கக் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் மாடியேறுவார். மார்கழிக் குளிரிலும் அதுதான். ஜகந்நாதன் மேலே நின்று துண்டை நீட்டுவார்.

அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. பிள்ளை கிடையாது. அம்மாவும் ஓய்வு பெற்றுவிட்டார். எண்ணிப் பழகிய கண்ணுக்கு எண்ண ஒன்றும் இல்லாமல் போனது. அதனால் விடியற்காலையில் ஆட்டோ பிடித்துத் திரேஸ்புரம் கடற்கரைக்குப் போய், கரை ஒதுங்கிய சிப்பி சோழி ஏதாவது ஒன்றை எடுத்து, போனில் படம் பிடித்து, அதை அங்கேயே வைத்துவிட்டு வருவார். ஒரு நாளைக்கு ஒன்றுதான். வீட்டுக்கு ஒன்றும் கொண்டு வரமாட்டார்.

அந்தப் படத்தை ஓர் இடத்தில் போடுவார். நாம் பார்க்கிற பேஸ்புக் மாதிரி இல்லை அது. அவருடைய அண்ணன் மகன் தேசிக் ஜெர்மனியில் இருக்கிறான். வேண்டியவர்கள் ஒன்பது பேருக்காகச் சொந்தமாக ஒரு சர்வர் நடத்துகிறான். அதேபோல் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான சர்வர்கள் இருக்கின்றனவாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு முதலாளி கிடையாது. ஒரு சர்வரில் இருப்பவர் மற்றொன்றில் இருப்பவரோடு பேசலாம். ஆனால் இன்னாரைப் பாருங்கள் என்று எந்த இயந்திரமும் கொண்டு வந்து காட்டாது. தேடிப் போவதற்கு இருக்கிற ஒரே வழி ஹேஷ்டேக். எழுதியதோடு ஒரு சொல்லுக்கு முன் # என்கிற அந்தக் கட்டக் கோட்டைப் போட்டால், அதே சொல்லைப் போட்டவர்கள் எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்பார்கள்.

"அப்போ இது பெயர்ப் பலகைதான?" என்றேன். எனக்கு எதுவும் ஒரு தடவை சொன்னால் போதும்.

"அப்படியும் சொல்லலாம், அண்ணாச்சி" என்றார்.

அவர் போட்ட பலகை #இன்றைய_சிப்பி. அதை எடுத்துக் காட்டினார். இரண்டே பேர்தான் இருந்தார்கள். ஒருவர் அம்மா. இன்னொருவர் பெயர் போடாதவர். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கடல். 'சிலாவத்துறைப் பக்கம்' என்று மட்டும் எழுதியிருந்தது. இலங்கையில், நம் கரைக்கு நேர் எதிரே இருக்கிற ஊர். அங்கேயும் முத்துக் குளித்திருக்கிறார்கள். அந்த ஆளும் தினம் ஒரு சிப்பி போடுவார். எல்லாப் படத்திலும் சிப்பி ஒரு நீல பிளாஸ்டிக் மூடியின் மேல் இருக்கும். கீழே, "இண்டைக்கு ஒரு சோழிதான் கிடைச்சது" என்று ஒரு வரி. சங்கு முட்டையிட்டுப் போட்ட கூடு, ஆட்டுக்கொம்பு மாதிரி முறுக்கிக்கொண்டிருக்குமே, அதை அம்மா போட்ட அன்று, "எங்கட பக்கமும் முந்தாநாள் ஒதுங்கினது" என்று வந்திருந்தது. ஒன்றேகால் வருடமாக இவ்வளவுதான் பேச்சு. ஒருவரை ஒருவர் 'எதிர்க்கரை' என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆணா பெண்ணா என்றுகூட அம்மாவுக்குத் தெரியாது.

"கேக்கலாமே?" என்றேன்.

"எதுக்கு? காலைல வரது. அது போறும்."

எனக்கு மனது கேட்கவில்லை. என் வீட்டுக்காரி போய் மூன்று வருடம். மகன்கள் இரண்டு பேரும், நான் படிக்க வைத்த படிப்பால், கடல் தாண்டி நல்ல வேலையில் இருக்கிறார்கள். கீழ் வீட்டில் நான், மேல் வீட்டில் அந்த அம்மா. சாயங்காலம் படிக்கட்டில் பார்த்தால், "சாப்பிட்டாச்சா அண்ணாச்சி?" "ஆச்சும்மா." அதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கிடையாது. அவருக்காவது நாலு பேர் வரட்டும் என்று நினைத்தேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

"ரெண்டு பேர் நிக்கதுக்கு ஒரு தெருவா? கடைவீதி மாதிரி ஆக்கிக் காட்டுதேன் பாருங்க" என்றேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. இங்க கடை எதுவும் இல்லைன்னுதான் எனக்குப் பிடிச்சிருக்கு."

சிரித்துக்கொண்டே சொன்னார். நான் மறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தொழிலில் முதல் தடவை வேண்டாம் என்று சொன்னவர்களிடம் விற்றுத்தான் நான் ஆளானேன். தேசிக்கிடம் போனில் பேசி, எனக்கும் ஓர் இடம் கேட்டேன். அத்தைக்கு வேண்டியவர் என்று, உள்ளே வருவதற்கான ஓர் இணைப்பை அனுப்பினான். அந்த இணைப்பு எனக்கு மட்டும் என்று அவன் நினைத்திருக்கிறான். நான் அதை அப்படியே நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'எல்லோரும் சேரவும். #இன்றைய_சிப்பி என்று போட்டு எழுதவும்' என்று குரலில் சொல்லி அனுப்பினேன்.

என் சொல்லுக்கு இருக்கிற மரியாதையை அன்றைக்குப் பார்த்தேன். இரண்டே நாளில் முப்பத்தெட்டுப் பேர். வாழை மண்டி செந்தூர்வேல் முதல் ஆளாக வந்தான். கருவாடு, தார்ப்பாய், பேட்டரி, ஆடித் தள்ளுபடி, பூப்போட்ட காலை வணக்கம் எல்லாம் அந்தப் பலகைக்குக் கீழே வந்து குவிந்தன. நானும் என் கடைக் கயிற்றை நாலு கோணத்தில் போட்டேன். செந்தூர்வேல் போன் பண்ணி, "அண்ணாச்சி, அந்தச் சோழிக்குப் பக்கத்துல நம்ம வாழைத்தாரு எப்படி எடுப்பா இருக்கு பாத்தீயளா? இனிமே சிப்பிய விட்டுட்டு வாழைக்காயப் போடச் சொல்லுங்க அந்த அம்மாவ" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஒன்பதாம் நாள் காலை அம்மா கீழே இறங்கி வந்தார். பதினான்கு வருடத்தில் அவர் என் வீட்டு வாசலுக்கு வந்தது ஜகந்நாதன் இறந்த அன்றும் அன்றைக்கும்தான்.

"அண்ணாச்சி, எதிர்க்கரையக் காணோம்."

"இன்னைக்குப் போடலையோ என்னவோ."

"இன்னிக்கு இல்லேன்னா பரவால்லை. பழசும் இல்லை. ஆளே இல்லை."

தேசிக்கை அழைத்தோம். பையன் மரியாதைக்காரன், சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. "அங்கிள், ஒம்பது நாள்ல எறநூறுக்கு மேல விளம்பரம் போயிருக்கு. எதிர்க்கரை இருக்கிற சர்வர் நம்ம சர்வரையே வெட்டி விட்டுடுத்து. நம்மகிட்டேருந்து எதுவும் அங்க போகாது. அங்கேருந்து எதுவும் வராது. அத்தை தனி, நீங்க தனின்னு அவாளுக்குத் தெரியாது. ஒரே வாசல்லேருந்து குப்பை வந்தா வாசலைத்தானே அடைப்பா?"

"திறக்கச் சொல்லு தம்பி. நான் பேசுதேன் அவங்ககிட்ட."

"கேட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. அந்தச் சர்வர்ல உறுப்பினரா இல்லாதவா உள்ள எட்டிக்கூடப் பார்க்க முடியாது."

சங்கத்து ஆட்கள் எல்லோரையும், என்னையும் சேர்த்து, தேசிக் வெளியே எடுத்துவிட்டான். அம்மா ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. மறுநாளும் கடற்கரைக்குப் போனார். அதற்கு மறுநாளும் போனார். படம் போட்டார். அது எதிர்க்கரைக்குப் போகாது என்று தெரிந்தே போட்டார். அவர் போகிற ஆட்டோச் சத்தம் கேட்டு நான் தினம் விழித்துக்கொண்டு படுத்திருப்பேன்.

நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டவன் இல்லை. கஸ்டம்ஸ் அதிகாரி மேஜையைத் தட்டியபோதும் கேட்டதில்லை. என் மகன்களிடம் கேட்க வேண்டிய நேரத்திலும் கேட்டதில்லை. அந்தச் சர்வரை நடத்துவது டொரன்டோவில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண் என்று தேசிக் சொன்னான். போனை எடுத்துக் குரலில் சொல்லச் சொல்ல எழுத்தாக வந்தது. முதல் தடவை படித்துப் பார்த்தால் நான் அவருக்கு உத்தரவு போடுவது மாதிரி இருந்தது. அழித்தேன். இரண்டாவதில் என் கடையைப் பற்றி ஆறு வரி வந்துவிட்டது. அதையும் அழித்தேன். மூன்றாவது நாள் போனது இவ்வளவுதான்: 'கூட்டத்தைக் கூட்டி வந்தது நான். அந்த அம்மா வேண்டாம் என்று சொன்னார், நான் கேட்கவில்லை. அவர் போட்டது சிப்பி மட்டும்தான். என்னை மன்னிக்க வேண்டும். அவரை உள்ளே விட வேண்டும்.'

பதில் வர மூன்று வாரம் ஆனது. வெட்டிய சர்வரைத் திரும்பச் சேர்க்க முடியாது, அந்த அம்மா மட்டும் வேண்டுமானால் எங்கள் சர்வரில் தனியாக விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. விண்ணப்பத்தில் ஒரே கேள்வி. ஏன் இங்கே சேர விரும்புகிறீர்கள்? அம்மா எழுதினார்: 'ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.'

இரண்டு நாளில் சேர்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு அம்மா என்னையும் மாடிக்குக் கூப்பிட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, #இன்றைய_சிப்பி என்று தட்டினார்.

வரிசை திறந்தது. அம்மா போட்ட படம் ஒன்றுகூட அங்கே இல்லை. ஒரு சர்வரை வெட்டினால் அங்கிருந்து முன்பு வந்ததும் சேர்ந்து அழிந்துவிடுமாம். நானூற்றுச் சொச்சம் காலை அப்படியே போயிருந்தது. நீல மூடி மட்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றது. எதிரே ஆள் இல்லாமல் ஒருவர் ஒன்றேகால் வருடம் தனியே பேசிக்கொண்டிருந்தது போல இருந்தது.

வெட்டிய நாளுக்குப் பிறகும் அவர் போட்டிருந்தார். அம்மா தேதி பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தார்.

'இண்டைக்கு எதிர்க்கரை இல்லை.'

'உங்கட பக்கம் கடல் பொங்கியிருக்குப் போல.'

'சுகயீனமோ?'

ஒரு வாரத்துக்கு எழுத்து இல்லை, சிப்பி மட்டும். அப்புறம்: 'முந்திப் போட்ட படங்களையும் அழிச்சுப் போட்டீங்கள். நான் ஏதும் பிழையாச் சொல்லிப் போட்டனோ?'

அதற்கடுத்து இரண்டு சிப்பி. அதோடு நின்றது. நாங்கள் பார்த்த நாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்னே.

அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டார். "நான் அழிக்கலைன்னு இவாளுக்கு யார் சொல்றது?" என்றார். என்னிடம் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குப் பதில் சொல்ல வேண்டும் போல இருந்தது. பிறகு அவர் அந்தக் கடைசிச் சிப்பிக்குக் கீழே, 'நீங்கள் பிழை ஒன்றும் சொல்லவில்லை. இங்கே ஒரு தடங்கல். எதிர்க்கரை இருக்கிறேன்' என்று எழுதினார். என் பெயரை எழுதவில்லை.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. பதில் இல்லை. தினம் ஒரு சிப்பி போய்க்கொண்டிருக்கிறது.

உள்ளே இருப்பவர் அனுமதித்தால் வெளியாளும் அவர் படத்தைப் பார்க்கலாமாம்; நானும் வேறொரு பொதுச் சர்வரில் சேர்ந்து, அம்மாவிடம் அனுமதி வாங்கிப் பின்தொடர்ந்தேன். கடை திறக்கும் முன் படத்தைப் பார்ப்பேன். கீழே ஒரு நட்சத்திரம் இருக்கிறது, பிடித்திருந்தால் அழுத்த வேண்டும். தினம் அழுத்தினேன். நம்மால் முடிந்த ஒரு துணை என்று எனக்குள் ஒரு திருப்தி. ஒரு மாதம் போல ஆனதும் படிக்கட்டில் அம்மா நின்றார்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது."

"சொல்லுங்கம்மா."

"நீங்க அழுத்தறேளே, அது என் போன்ல சத்தம் போடறது. அங்கேருந்துன்னு நெனச்சுண்டு அடுப்பை விட்டுட்டு ஓடி வரேன். நீங்க."

'நீங்க' என்பதோடு நிறுத்திவிட்டார். கோபம் இல்லை. சலிப்பும் இல்லை. அழுத்தியது நான் என்பது மட்டும்தான் அதில் இருந்தது.

"இனி செய்யல்லம்மா" என்றேன்.

சங்கத்து உறுப்பினர்களே, உங்களில் யாரையும் நான் குறை சொல்லவில்லை. இணைப்பை அனுப்பியவன் நான். இன்று காலை அம்மா போட்டது ஓரம் உடைந்த ஒரு முத்துச்சிப்பி. உள்பக்கம் பளபளவென்று இருந்தது. பார்த்தேன். கை நட்சத்திரம் வரைக்கும் போனது. அழுத்தாமல் எடுத்துக்கொண்டேன். மேல் வீட்டில் போன் சத்தம் எதுவும் கேட்கவில்லை.