பெனடிக்ற் முறுக்காமல் விட்ட நட்

கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் ஆட்கள் யாரைக் கேட்டாலும், "குலசேகரம் அண்ணையோ? தங்கமான மனுசன். கோபமே வராது" என்பார்கள். அவர் என் புருசன். கோபம் வராததில் என்ன பெரிய பெருமை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வரவேண்டிய இடத்தில்கூட வராவிட்டால் அது குணம் இல்லை, நோய். அவருக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட்டுக்கொண்டு திரிகிறேன்.

எண்பத்து நாலில் அகதியாக லண்டனுக்கு வந்தவர். வந்து கொஞ்ச நாளில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார், இன்னும் அங்கேதான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து காசு வாங்குவார், சிகரெட் எடுத்துக் கொடுப்பார். ஒருவரும் ஏற்காத ஷிப்டை எல்லாம் இவர் தலையில் கட்டிவிடுவார்கள், சிரித்துக்கொண்டே ஏற்பார். நாள் முழுக்கக் கார்களோடு நின்றும், காரின் முன் மூடியைத் திறந்தால் உள்ளே எது எதுவென்று தெரியாது. கண்ணாடி கழுவத் தண்ணீர் ஊற்றுகிற இடம் மட்டும் தெரியும். அதையும் காட்டிக்கொடுத்தது நான்.

தாய் இவருடைய சின்ன வயதிலேயே போய்விட்டா. வளர்த்தது அக்கா, அருமைநாயகி. பல் தீட்டிவிட்டது, பள்ளிக்கூடம் கூட்டிப்போனது, களவாகக் குளத்தில் குளித்ததற்கு அடித்தது, அடித்துவிட்டுத் தானும் அழுதது எல்லாம் அக்காதான். எங்கள் கல்யாணம் லண்டனில் நடந்தபோது அக்காவுக்கு விசா கிடைக்கவில்லை. இவருக்கும் திரும்பிப் போக வழியில்லை. யாழ்ப்பாணத்தில் சண்டை. அக்கா எப்போதாவது கொழும்புக்கு வந்தால் போனில் குரல் கேட்கும், அவ்வளவுதான். இவருக்கு முன் தலைமயிர் கொட்டினதும் வயிறு வைத்ததும் அக்காவுக்குத் தெரியாது.

தொண்ணூற்றிரண்டில் ரொறன்ரோவில் இருந்த அக்காவின் மகள் தாயைத் தன்னிடம் கூப்பிட்டாள். கொழும்பு ஏஜென்சிக்காரன் டிக்கெட்டை எப்படி எடுத்தான் தெரியுமா? ஹீத்ரோவில் இறங்கவேண்டும், அடுத்த விமானம் கற்விக்கிலிருந்து. லண்டனின் மேற்குப் பக்கத்தில் இறங்கி, பெட்டியும் கையுமாகத் தெற்கே போய் ஏறவேண்டும். அதற்காக அந்த ஒரு நாளைக்கு மட்டும் வெளியே வர விசா கொடுத்திருந்தார்கள். வேறு யாராவது என்றால் ஏஜென்சிக்காரனைத் திட்டித் தீர்த்திருப்பார்கள். இவரோ கலியாண மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

"அக்காவை நான்தான் கொண்டுபோய் விடுவன். கற்விக் வரைக்கும் என்ர காரில இருப்பா. நான் மெதுவாத்தான் ஓடுவன், வத்சலா."

எட்டு வருடத்துக்குப் பிறகு அக்காவும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கப்போகிற நேரம் அந்தக் கார்ப் பயணம் மட்டும்தான். அதற்கு முதல் ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் அந்த வழியை ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். அக்கா முன் சீட்டில், நான் பின்னால், இடையில் வாய் திறக்கக்கூடாது என்று எனக்குக் கட்டளை. கனடாக் குளிருக்கு அக்காவுக்கென்று ஒரு தடித்த கோட்டு வாங்கி, பின் சீட்டு ஜன்னலில் கொழுவி வைத்தார்.

எங்கள் கார் ஒரு பழைய நீல டொயோட்டா. ஒரு நாளும் எங்களை நடுவழியில் விட்டதில்லை. அன்றைக்கும் அதில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஆனால் "அக்கா ஏறப்போற கார்" என்று சொல்லி அதைச் சேர்விஸுக்குக் கொடுத்தார். சும்மா கிடந்த காரை!

கொடுத்தது பெனடிக்றிடம். ரயில் பாலத்துக்குக் கீழே அவனுக்கு ஒரு கராஜ் இருந்தது. எங்கள் ஆட்களின் கார் எல்லாம் அங்கேதான் போகும். வெள்ளைக்காரனின் கராஜுக்குப் போனால், "ஏன், எங்கட பெடியன் இருக்கிறான்தானே?" என்று நாலு பேர் கேட்பார்கள். எங்கட பெடியன் என்றால் வேலையை நின்று பார்க்கவும் கூடாது, கேள்வி கேட்கவும் கூடாது. அவனுக்கோ ஒரு கையில் ஸ்பானர், மறு கையில் கராஜ் போனின் ரிசீவர். அன்று பின்னேரம் நாங்கள் காரை எடுக்கப் போனபோதும் யாரோடோ சிரித்துக் கதைத்துக்கொண்டுதான் நின்றான்.

"ஒயில் மாத்தி, பில்டர் மாத்தி, எல்லாம் ஓகே அண்ணை. கண்ணை மூடிக்கொண்டு ஓடுங்கோ" என்று சொல்லிக் கார்த் திறப்பைக் கொடுத்தான்.

அடுத்த நாள் காலை ஹீத்ரோவுக்கு முதல் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனோம். நல்ல காரியத்துக்குக் கார் எடுத்தால் முருகனிடம் காட்டாமல் இவர் போகமாட்டார். ஹைகேற் மேட்டில், முன்பக்கம் மேலே பார்க்கக் காரை நிறுத்தினோம். ஐயர் வெளியே வந்து மூடியில் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, காருக்கு முன்னால் தெருவில் தேங்காய் உடைத்தார். ஒரு பாதி உருண்டு காருக்கு அடியில் போய்விட்டது. இவர் புதுக் காற்சட்டையோடு முழங்காலில் இருந்து, கையை விட்டு எட்டி எடுத்தார்.

"என்னப்பா, கீழ ஒரே ஈரமாக் கிடக்கு?" என்று கேட்டேன்.

"தேங்காய்த் தண்ணி. பள்ளத்துக்கு ஓடி வந்திருக்கு" என்றார். கையை லேஞ்சித் துணியில் துடைத்துக்கொண்டு, அந்தப் பாதியையும் விபூதியையும் பையில் வைத்தார். அக்காவுக்குக் கொடுக்க.

எம் ஃபோர் நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்சத் தூரம் போனதும் ஸ்டியரிங்குக்கு முன்னால் மீற்றரில் ஒரு சிவப்பு வெளிச்சம் பற்றியது. ஒயில் படம் போட்ட வெளிச்சம். நான் கையை நீட்டிக் காட்டினேன்.

"நேற்றுத்தானே சேர்விஸ் செய்தது. ஏதும் வயர் இளகி இருக்கும்."

"நிப்பாட்டிப் பாப்பமே?"

"அக்கா இறங்கியிருப்பா, வத்சலா."

பிறகு எஞ்சினுக்குள் உரலில் இடிக்கிற மாதிரிச் சத்தம் கேட்டது. பிறகு சத்தமும் இல்லை. கார் தானாக இழுபட்டுப்போய் ஓரத்தில் நின்றுவிட்டது. எங்களுக்கு மேலால் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. அவ்வளவு கிட்ட வந்திருந்தோம், ஐயோ!

அந்தக் காலம் கையில் போன் இல்லை. இவர் ஓரத்தால் ஓடிப்போய் வீதியோர அவசர போனை எடுத்தார். உதவி வரும்வரை வண்டிக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள் என்றார்கள். அக்கா நிற்கிறா என்று சொன்னாராம், அவர்கள் திரும்பவும் அதையேதான் சொன்னார்களாம். லொறியோடு வந்த வெள்ளைக்காரன் குனிந்து பார்த்துவிட்டு, பழைய ஒயிலை வடிக்கிற இடத்தில் நட்டே இல்லை என்றான். யாரோ கையால் பூட்டிவிட்டு, ஸ்பானரால் முறுக்க மறந்திருக்கிறார்கள், ஓட ஓடச் சுழன்று விழுந்துவிட்டது, எஞ்சின் முடிந்தது என்றான். நிறுத்துகிற இடங்களில் கீழே ஒயில் கிடக்கவில்லையா என்றும் கேட்டான். இவர் ஜன்னலில் கொழுவியிருந்த கோட்டை எடுத்தார்.

லொறியில் ஏறி, பிறகு டாக்ஸி பிடித்து, ஹீத்ரோவுக்குள் இவர் ஓடின ஓட்டத்தை நான் வேறு எந்த நாளும் காணவில்லை. கோட்டு கையில். ஆட்கள் வருகிற வாசலில் அக்கா இல்லை. அங்கே தரை கூட்டிக்கொண்டு நின்ற ஒரு எங்கட மனுசி எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தா. பெயர் லூர்தம்மா.

"அருமைநாயகியின்ர ஆக்களோ? எயார்லைன்காரர் இப்பதான் அவவைக் கற்விக் பஸ்ஸில ஏத்திவிட்டவை. தம்பி வருவான் எண்டு எவ்வளவு நேரம் மறிச்சுக்கொண்டு நிண்டவ தெரியுமே! போற வாற ஆம்பிளையளை எல்லாம் 'நீங்கள் குலசேகரமோ, நீங்கள் குலசேகரமோ' எண்டு கேட்டவ. ஒரு பாகிஸ்தான்காரனையும் கையில பிடிச்சுக் கேட்டிட்டா, பாவம்."

கற்விக்குக்கும் போனோம். நாங்கள் போய்ச் சேர விமானம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் வயிற்றுக்கு ஏதாவது வேண்டுமே என்று, கோயில் தேங்காயை எடுத்துச் சம்பலுக்குத் துருவப் போனேன். சிரட்டை கையில் வழுக்கியது. மணந்து பார்த்தேன். ஒயில். புது ஒயில் தேன் நிறம், தெருவில் கிடந்தால் ஈரம் மாதிரித்தான் இருக்கும். இவர் வந்து அதை வாங்கி மூக்கடியில் பிடித்துக்கொண்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"நான் கையால தொட்டனான், வத்சலா" என்றார். "தொட்டுப்போட்டு லேஞ்சியில துடைச்சனான்."

அந்த ஒன்றுதான் அவரைக் கொன்றது. பெனடிக்ற் கேள்விப்பட்டு வந்தான். "கையால பூட்டினனான் அண்ணை, அந்த நேரம் பாத்து ஒரு போன் வந்திட்டுது. நான் வேற எஞ்சின் போட்டுத் தாறன்" என்றான். நான் வாயைத் திறக்க முதல் இவர், "பரவாயில்லை தம்பி, நானும் கவனிக்கேல்லைத்தானே" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோயிலில் தேங்காய் உடைத்த இடத்தில் ஈரத்தைக் கண்டால் யார்தான் ஒயில் என்று நினைப்பார்கள்? ஆனால் அவன் வேறு எஞ்சின் போட்டான், இவர் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார், ஊரும் ஆகா என்ன பெருந்தன்மை என்றது. வேறு எஞ்சின் போடலாமடா. அக்காவை யார் அந்த முன் சீட்டில் கொண்டுவந்து இருத்துவது?

அக்கா ரொறன்ரோவில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பா. கார் நின்றுபோன கதையை இவர் முதல் நாளே சொல்லிவிட்டார். அக்கா "ம்ம், சரியடா தம்பி" என்று கேட்டுக்கொண்டா. ஆனால் பிறகு பிறகு கேள்விகள் வந்தன. "நீ இப்ப கண்ணாடி போடுறனியோ?" "தலைமயிர் கொட்டிப்போச்சோ?" "அண்டைக்குப் பச்சை ஜம்பர் போட்டிருந்தனியோ?" இவர் சிரித்துச் சிரித்துப் பதில் சொல்வார். ஏன் கேட்கிறா என்று எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. கனடா விசாவுக்கு ஒரு தரம் விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். இரண்டாம் தரம் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும்போது அக்காவுக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. விசா கிடைத்தபோது செத்தவீடு முடிந்திருந்தது.

அக்காவின் மகள் போனில் அழுதழுது சொன்னாள். ஆஸ்பத்திரியில் கடைசியாக அக்கா சொன்னது இதுதானாம்: "தம்பி அண்டைக்கு வந்து நிண்டவன், பிள்ளை. நான்தான் அவனைப் பாத்தும் ஆரெண்டு தெரியாமல் விட்டிட்டன். என்ர கையால வளத்த பிள்ளையை எனக்கே அடையாளம் தெரியேல்லை. எனக்கு மனம் நோகும் எண்டுதான் அவன் கார் பழுதாப்போச்சுது எண்டு பொய் சொல்லுறான்."

துக்கம் விசாரிக்கப் பெனடிக்றும் வந்தான். கறுப்புக் காற்சட்டை போட்டு, கதிரை நுனியில் இருந்து, "எல்லாம் கடவுளின்ர சித்தம், அக்கா" என்று என்னிடம் சொன்னான்.

"கடவுள் நட் முறுக்கிறதில்லை, தம்பி. அது உம்மட வேலை" என்றேன். வீடு முழுக்க ஆட்கள்.

இவர் என்னைத் தடுக்கவில்லை. அன்றுதான் முதல்தரம் தடுக்கவில்லை. பெனடிக்றைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"நான் வந்து நிக்கேல்லைத் தம்பி. ஆனா என்ர அக்கா, நான் வந்து நிண்டதாயும் தான்தான் என்ர முகத்தை மறந்துபோனதாயும் நினைச்சுக்கொண்டே போயிட்டா."

பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பிக்குத் தேத்தண்ணி குடும், வத்சலா" என்றார்.

நான் கொடுக்கவில்லை.